இரண்டு பக்கமும் நல்ல முகம்

எங்கள் தெருவில் அளவு மாறாமல் மதில் கட்டியிருந்த ஒரே வீடு என்னுடையதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் முதலில் மதிலைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். யார் வீட்டிலாவது புதிதாக ஒரு செங்கல் வைத்தால் போதும், டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றுவிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'டேப்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் மூலை வீட்டுக்காரர் முன்மதிலை ஆள் உயரத்துக்கு எழுப்பி, அந்த மறைவில் ஒரு சைக்கிள்காரர் காரில் அடிபட்டபோது, எல்லோரும் இந்த டேப்பைத்தான் தேடி வந்தார்கள். விதியை யாரும் பொழுது போகாமல் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் அடிபட்டிருக்கிறார்.

எங்கள் பகுதி விதிகள் புரியாத விஷயமும் இல்லை. முன்பக்க மதில் நாலடிக்கு மேல் போகக்கூடாது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஏழடி வரை போகலாம். உச்சியில் ஆணியோ கண்ணாடிச் சில்லோ பதிக்கக்கூடாது. மர வேலியாக இருந்தால் அதன் நல்ல முகம், அதாவது வழவழப்பான பக்கம், அடுத்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் நம் பக்கம் இருக்க வேண்டும். செடி வளர்த்துக் கட்டும் உயிர்வேலிக்கு மட்டும் உயரக் கணக்கு கிடையாது. எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நட்டால் சரி.

முன்மதில் நாலடிதான் என்பதால் என் மகளை முன்பக்க அறையில் வைத்திருக்க முடியவில்லை. நாலடியைச் சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடும். அதற்காக விதியை மீறி மதிலை உயர்த்தவும் எனக்கு மனம் வரவில்லை. அவளைப் பின்பக்க அறைக்கு மாற்றினேன்.

அவள் சின்னப் பிள்ளை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். படித்து முடித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பாப்பா என்று கூப்பிடுவது நான் மட்டும்தான். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. அவள் அம்மாவும் ஒரு நாள் இப்படித்தான் சொல்லிவிட்டு, கையில் ஒரு பையோடு வாசல் வழியாகப் போனாள். அப்போது எங்கள் வீட்டுக்கு மதிலே கிடையாது.

எனக்குப் பயமாக இருந்தது. தனியாகிவிடுவேன் என்ற பயம் இல்லை, வெளியூரில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத முடியும்?

அவளும் முதலில் நிதானமாகத்தான் பேசினாள்.

"எத்தனை நாளைக்குப்பா இப்படி?"

"உன் மனசு மாறுற வரைக்கும்."

"மாறாதுப்பா."

"அப்ப எனக்கும் அவசரமில்ல."

சிரித்துவிட்டாள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? பிடிவாதத்தில் அவள் அச்சு அசல் நானேதான். அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நல்ல மெத்தை, மின்விசிறி, அவள் கேட்ட புத்தகங்கள், மூன்று வேளையும் சூடான சாப்பாடு. காற்றாடப் பின்முற்றத்துக்கு வரலாம், போகலாம். கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்கும் தினமும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருந்தேன். விசாரித்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அடைத்து வைத்தால் உடம்பு சரியில்லாமல்தான் போகும், ஆகையால் அதுவும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

சிக்கல் பின்முற்றத்து மர வேலியின் குறுக்குச் சட்டங்களால் வந்தது. விதிப்படி அவை நம் பக்கம் இருக்கின்றன அல்லவா, ஏணிப்படி மாதிரி. ஒரு மத்தியானம் அவள் அதில் கால் வைத்து ஏறி, தலை வேலிக்கு மேலே போகிற நேரத்தில் இழுத்து இறக்கினேன். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு உள்பக்கமும் பலகை அடிக்கச் சொன்னேன்.

"உள்பக்கத்த யாரு சார் வந்து பாக்கப்போறாங்க?" என்றார் தச்சர்.

"நான் பார்ப்பேன்" என்றேன்.

அத்தோடு விடாமல், வேலிக்கு இரண்டடி உள்ளே முன்பே நட்டிருந்த காகிதப்பூச் செடியையும் நன்றாக வளர விட்டேன். காகிதப்பூவுக்கு முள் உண்டு. ஆனால் செடியின் முள் விதியில் சேராது. என் தலைக்கு மேலே போய், கையை நுழைக்க முடியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. பூக்கும் காலத்தில் தெருவே நின்று பார்க்கும். வேலிக்கும் செடிக்கும் நடுவே இருந்த இரண்டடிச் சந்தில் ஒருக்களித்து நடந்துதான் நான் கிளை வெட்டுவேன். சந்தின் ஒரு முனையில் மதில், மறுமுனையில் கம்பிவலைக் கதவு. கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு நர்ஸம்மா, வேலி தன் வீட்டு வெளிச்சத்தை மறைக்கிறது என்று புகார் கொடுத்திருந்தாள். நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அளந்தார். ஏழடிக்கு ஒரு விரல் குறைவாகத்தான் இருந்தது. உள்பக்கப் பலகையைத் தடவிப் பார்த்து வியந்துபோனார்.

"ரெண்டு பக்கமும் நல்ல முகம்! இப்படி யாரு சார் செய்றாங்க?"

அன்றைக்குப் பூட்டி வைத்திருந்த பின்னறையிலிருந்து, அந்த நேரம் பார்த்து அவள் கதவைத் தட்டினாள். "யாருங்க உள்ள?" என்றார். "மகள். கொஞ்சம் மனசு சரியில்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வேலியை அளக்க வந்தவர். வேலிக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலை அவருடையது இல்லை.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், முற்றத்து பெஞ்சு செடியை ஒட்டிக் கிடந்தது. மெத்தை செடிக்கு மேலே பாதி சரிந்து தொங்கியது. முள்ளின் மேல் மெத்தையைப் போட்டு, அதன் மேல் ஊர்ந்து வேலியின் உச்சியைப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். மெத்தை வழுக்கிச் சந்துக்குள் விழுந்துவிட்டாள். ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் வழுக்கும் பலகை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செடி அவ்வளவு அடர்த்தி, கதவுப் பக்கம் தொங்கிய மெத்தையும் மறைத்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குரல்தான் கேட்டது.

"அக்கா... நர்ஸக்கா..." என்று பலகையை உள்ளங்கையால் தட்டினாள்.

பெற்றவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன், அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? கம்பிவலைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாவி சட்டைப் பையில் இருந்தது.

"பாப்பா, அப்பா இங்கதான் இருக்கேன். ஒரு வார்த்தை அப்பான்னு கூப்பிடு, உடனே வர்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "அக்கா" என்றாள்.

நர்ஸம்மாவுக்கு இரவு வேலை, பகலில் தூங்குவாள். தூக்கம் கலைந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், பின்னாடி யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

"பூனைம்மா. வேலிக்கும் செடிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. எடுத்துடறேன்."

"ஐயோ பாவம். வெயிலா இருக்கு, கொஞ்சம் தண்ணியாவது வைங்க."

தண்ணீர் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தோன்றியது. உடனே ஒரு சொம்பில் கொண்டுபோய் வைத்தேன். கதவுக்கு இந்தப் பக்கம்தான் வைக்க முடிந்தது. "தண்ணி வச்சிருக்கேன் பாப்பா. ஒரே ஒரு வார்த்தை" என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் தட்டுவது நின்றுபோனது. இடையில் "அம்மா" என்று முனகினாள். வலித்தால் யாரும் அம்மா என்றுதான் சொல்வார்கள், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் விட்டுப் போனவள் பெயர் அந்த வீட்டில் கேட்டதும் எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உள்ளுக்குள்ளேயே ரத்தம் போய்க்கொண்டிருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பிடிவாதம் போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

கடைசி வரை உன்னைக் கூப்பிடவே இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூப்பிட்டாள். வெயில் தணிந்த பிறகு, "அப்பா" என்றாள். என் காதில் நன்றாகவே விழுந்தது. சாவியைக் கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் குரல் ரொம்பக் கம்மியிருந்தது. மனசாரக் கூப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று இருந்தேன்.