விடிவெள்ளி எக்ஸ்பிரஸில் முப்பத்து மூன்றாம் பெர்த்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். என் தோழனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. விடிவெள்ளி எக்ஸ்பிரஸில் அவர் டிக்கெட் பரிசோதகர்.

கரி எஞ்சினில் தொடங்கி, டீசல், மின்சாரம் என்று மூன்று காலம் பார்த்த வண்டி அது. பெயர் பதிந்தவர் யாரும் அதில் நின்றுகொண்டு போனதில்லை என்று அந்த வண்டி ஆட்களுக்கு ஒரே பெருமை. அன்று அதன் ஐம்பதாவது ஆண்டு ஓட்டம். முகப்பில் புதுப் பெயர்ப் பலகை வேறு.

இரவு மணி பன்னிரண்டு. ஆள் அரவமில்லாத நிலையம்... ஒரு வயதான அம்மா மூச்சு வாங்க ஏறினார். அவர் பேருக்குப் பதிவான பெர்த் முப்பத்து மூன்று. அந்த நிலையம் தாண்டும்வரை அதை யாருக்கும் தரக் கூடாது. பெரியப்பாவோ, இந்த அகாலத்தில் யார் ஏறப் போகிறார்கள் என்று, முதல் நிலையத்தில் வண்டி கிளம்பியதுமே ‘வரவில்லை’ என்று சார்ட்டில் குறித்துவிட்டார். அந்த பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது அவருடைய மைத்துனன். எழுப்பிவிட்டால் மாமனார் வீட்டில் மானம் போகும்.

“என் பேரு இருக்கும். நல்லாப் பாருங்க தம்பி.”

பார்த்தார். இருந்தது.

“இல்லம்மா. அப்படி ஓரமா நில்லுங்க.”

அந்த அம்மா கதவோரம் போய் நின்றுகொண்டார்.

பன்னிரண்டே முக்கால். பெரிய வளைவு. சக்கரம் கிறீச்சிட்டது... கதவு டமார் என்று அடித்தது. பெரியப்பா ஓடினார். கதவோரம் யாரும் இல்லை. சூடேறிய இரும்பு வாடை மட்டும்... கை அபாயச் சங்கிலிக்குப் போனது. வண்டி நின்றால் சார்ட்டைக் கேட்பார்களே... கை இறங்கிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டாராம். அவ்வளவு வெட்கம்.

விடிந்தது. கடைசி நிலையம்.

“ராத்திரி ஒரு மணிக்கு வளைவுகிட்ட ஒரு அம்மா பொணத்த எடுத்தாங்களாம் சார்,” என்றார் போர்ட்டர்.

மைத்துனன் சோம்பல் முறித்தபடி இறங்கி வந்தான்.

“உங்க மனசு யாருக்கு வரும் மச்சான்! ரெண்டு மணி இருக்கும்... ஒரு வயசான அம்மா வந்து என் கால்மாட்டுல உக்காந்தாங்க. கை பட்டுச்சு, அப்படி ஒரு ஜில்லுப்பு. ‘டிக்கெட் பாக்குற தம்பிதான் எடம் குடுத்துச்சு, தங்கமான புள்ள’ன்னு... விடியிற வரைக்கும் உங்களயே புகழ்ந்துக்கிட்டு இருந்தாங்க.”