புளி போட்ட செப்புக்காசு

ஜனவரி 14, புதன், காலை 10.40, மைனஸ் பதினொன்று, பனித்தூறல். மோர்னிங்சைட் பஸ்ஸில் பதினேழு பேர். என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கையில் பளபளவென்று ஒரு செப்புக்காசு.

“ஊத்தை போகத் தேச்சதுக்கு ஆரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பினமே?” என்றார் மனைவி.

“உது ஊத்தையில்லையப்பா, இருநூறு வருசத்து நிறம். பழைய அமெரிக்கச் சதம். ஒரே வருசத்தில பல அச்சில அடிச்சவங்கள். இந்த அச்சுக் காசு கிடைக்கிறதே அருமை. ஆயிரத்து அறுநூறு டொலர் குடுத்தனான்.”

“பொங்கலுக்குக் குத்துவிளக்குத் தேச்சனான். புளி மிஞ்சிப்போச்சு.”

“உமக்கு நன்றி சொல்ல மறந்திட்டன்.”

“எந்த அச்சு எண்டு எப்பிடித் தெரியும்?”

“அச்சு வெடிச்ச அடையாளமா, இலைக்குக் கீழ மெல்லிய கோடு ஒண்டு இருந்தது.”

“ஓ, அதுவோ! கம்பிப் பஞ்சு போட்டுத் தேச்சுத்தான் போனது.”

அவர் கைபேசியை எடுத்தார். பழங்காசுக் கடைக்காரருக்குக் காசைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு பஸ் தரிப்புக்குள் பதில் வந்தது.

“என்னவாம்?”

“நாப்பது டொலர் தருவாராம்.”

“பாத்தீங்களே! மினுக்கினபடியால்தான் அதையாவது தாறார்.”

கழித்துப் பார்த்தேன். மிஞ்சிய புளி அவருக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது டொலர்.