எல்லை தாண்டாத தையற்கூடமும் ராமாமிர்தம் அம்மையாரும்

அன்பின் உறைவிடமே! அயராத உழைப்பின் அடையாளமே! சிக்கெடுக்கும் சிந்தையரே! கீரப்பாளையத்து நெல்வயல்களின் நடுவே வளர்ந்து, சிதம்பரம் மேல வீதியில் துணி விரித்து, கடலூர்த் தையற்கூடத்தில் எங்களையெல்லாம் தலைநிமிர வைத்த தகைமையரே! முத்தலிப் ஆயத்த ஆடையகத்தில் விற்பனைப் பெண்ணாக நுழைந்து, பொது மேலாளராக உயர்ந்து, இன்று பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய அம்மையார் ராமாமிர்தம் அவர்களே! வணக்கம்! வாழிய!

இம்மடலை எழுதும் பொறுப்பு கணக்குப் பிரிவில் இருக்கும் இளமதியாகிய எனக்கு வந்தது. "நல்லதா நாலு வார்த்தை எழுதி, கீழ எல்லார் பேரையும் போட்டுடு" என்றார்கள் சிலர். நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் நம் தையற்காரர் கனிமொழிதான் மறித்தார். "அந்த வரிச் சண்டைய எழுதாம அம்மாவப் பத்தி என்னாத்த எழுதுவ?" அவர் சொன்னது சரியென்று பட்டது. ஆகவே தங்கள் பொறுமையையும் புன்னகையையும் போற்றுவதோடு நிறுத்தாமல், தங்கள் உறக்கத்தைக் கெடுத்த அந்த நாள்களையும் இங்கே எழுதத் துணிகிறேன்.

ஓயாத கால்களை உடையவரே! சொத்து வரி ஏறி, வண்டி வரி ஏறி, மின்கட்டணமும் அவற்றின் பின்னாலேயே ஏறிய காலம் அது. பாவாடையும் நைட்டியும் தைத்து விற்கும் நம் போன்ற சிறு நிறுவனங்களுக்கு மூச்சு முட்டியது. வணிகர்கள் சிதம்பரத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தியபோது, நம் மேல வீதிக் கடையின் விற்பனையாளர் சபாபதியை அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நின்றீர்கள். ஒலிபெருக்கி தங்கள் கைக்கு வந்தது. "நாங்க ஒரு நைட்டிக்கு விலைய ஏத்துனா, வாங்க வர்றவங்க அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. நீங்க வரிய ஏத்துனா நாங்க எந்த அடுத்த ஊருக்குப் போறது?" என்று தாங்கள் கேட்க, கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்தார் நம் முதலாளி அப்துல் முத்தலிப் அவர்களின் மகன் நவ்ஷாத். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பித் தொழிலில் இறங்கியிருந்தார். "அம்மா கேட்டது சரிதான் அத்தா. போறதுக்கு ஊர் இருக்குது. பெண்ணையாத்துப் பாலத்தத் தாண்டி நாலு எட்டு வச்சா புதுச்சேரி. டீசல் கம்மி, வண்டி வரி கம்மி. நம்ம போட்டிக்காரங்க அங்கதான் உக்காந்திருக்காங்க" என்றார்.

தாங்கள் மறுக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்; தாங்களே மறைத்ததில்லை. புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அப்பால், பேருந்துச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கொட்டகையை நவ்ஷாதுடன் போய்ப் பார்த்தீர்கள். "காத்து நல்லா வருது, போயிடலாம் பாய்" என்று முதலாளியிடம் சொன்னதும் தாங்கள்தாம். தையற்கூடத்தில் எல்லாரையும் கூட்டி அறிவித்ததும் தாங்கள்தாம்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் தங்களை வருத்தியது. எதற்கும் வாய் ஓயாத பெண்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் பிசகியது, கை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்து வந்தது. தாங்கள் வரிசை வரிசையாக நடந்தீர்கள், நின்றீர்கள், மீண்டும் நடந்தீர்கள். "என்னா ஆச்சி உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லம்மா" என்ற பதில்தான் வந்தது.

மறுநாள் தாங்கள் நேராக வேலைக்கு வரவில்லை. கடலூரில் இறங்கி, எதிர்த்திசையில் நெல்லிக்குப்பம் போய், கனிமொழி ஏறும் நகரப் பேருந்தில் ஏறிக்கொண்டீர்கள். கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வண்டி ஊர்ந்தது. நடத்துநர் பெண்களுக்கெல்லாம் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கனிமொழி தங்களைக் கண்டு திகைத்துப் போனார். அங்கேதான் வாய் திறந்தார்.

"எங்க வூட்டுக்காரரு கரும்பு வெட்டப் போறாரு அம்மா. நான் வேலைக்குப் போறேன்னப்ப, பஸ்ஸுக்கே சம்பளம் போயிடும், எதுக்கு அலையிறன்னாரு. பஸ்ல காசு இல்லன்னு ஆனப்புறம்தான் சரின்னாரு. புள்ளைங்களுக்குக் காலையில ஸ்கூல்லயே டிபன் போடுறாங்க. அதனாலதான் இந்த பஸ்ஸ என்னால புடிக்க முடியுது. நீங்க சொல்ற எடத்துக்கு இந்த பஸ் வராது, ஷேர் ஆட்டோவுலதான் போவணும். வூட்ல மறுபடியும் அதே பேச்சு வரும்."

"அத நேத்தே சொல்லலாம்ல?"

"முடிவு பண்ணிட்டு வந்து சொல்றீங்க. அதுக்கு மேல நான் என்னாத்த சொல்றது?"

அன்று முற்பகல் தாங்கள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததும் எழுந்ததுமாக இருந்தீர்கள். "இளமதி, நான் ஆர்ப்பாட்டத்துல பேசுனது பொய்யில்லடி. பஸ்ல பாத்ததும் பொய்யில்ல. எந்த வரி வேணாம்னு கத்துனனோ, அந்த வரியிலதான் நமக்கு ஆளே வருது. ரெண்டையும் மனசுல வச்சிக்கிட்டு எப்படிடி தூங்குறது?" என்றீர்கள். நான் கணக்கேட்டைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அஞ்சாமல் பேசும் ஆற்றல் வாய்ந்தவரே! சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளத் தனித் துணிவு வேண்டும் என்பதை முதலாளியின் அறையில் அன்று கண்டேன். கணக்குச் சொல்வதற்காக நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"நான் போயிடலாம்னு சொன்னது தப்பு பாய்" என்று எடுத்த எடுப்பில் சொன்னீர்கள். "மெஷின தூக்கிட்டுப் போயிடலாம். அதுல உக்கார்றவங்கள தூக்கிட்டுப் போவ முடியாது."

நவ்ஷாத் விடவில்லை. "பஸ் வுடுறது கவர்மெண்டு வேலை அம்மா. அதுக்கு நம்ம தொழில் எதுக்குத் தேயணும்?"

"தேயுதுதான் தம்பி. இல்லன்னு சொல்லல. ஆனா கம்பெனி வண்டி வச்சி நெல்லிக்குப்பத்துலேருந்தும் தேவனாம்பட்டினத்துலேருந்தும் கூட்டியாந்தா, அங்க மிச்சமாவுறது அதுக்கே சரியாப் போயிடும்."

"அந்த ஊர்லயே ஆள் எடுத்துக்கலாம்."

"எடுக்கலாம். கத்துக் குடுக்கணும். அதுவரைக்கும் தீபாவளி ஆர்டர யாரு தைப்பா?"

நவ்ஷாத் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சரிம்மா, இங்கயே இருக்கோம். போட்டிக்காரன் நம்மள விட விலை கம்மியா குடுக்குறான். நாளைக்கு ஆர்டரே நின்னுபோச்சின்னா, அந்த பஸ் அவங்கள எந்த வேலைக்குக் கூட்டியாரும்?"

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் தெரியுது. இங்கயே இருந்தா செலவு ஜாஸ்தி. எதையாவது குறைச்சிதான் ஆவணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க ராமாமிர்தம்மா."

எழுந்து சன்னல்வரை போனீர்கள். திரும்பி வந்தீர்கள். "மேல வீதிக் கடைய மூடிடுங்க பாய். சொத்து வரிய சொல்லிச் சொல்லியே கட்டடக்காரர் வாடகைய ஏத்திட்டாரு. அது இனிமே தாங்காது" என்றீர்கள். தாங்கள் வேலைக்குச் சேர்ந்த கடை! முதல் சம்பளம் வாங்கிய கடை!

முதலாளி வேறு யாரையாவது அனுப்புவதாகச் சொல்லியும் கேளாமல், தாங்களே சிதம்பரம் போய்ச் சபாபதியிடமும் கடையில் வேலை பார்த்த மற்ற இருவரிடமும் செய்தியைச் சொன்னீர்கள். துணிகளை எடுத்துவர நானும் உடன் வந்திருந்தேன். மற்ற இருவரும் அழுதார்கள். சபாபதி அழவில்லை.

"அங்க மெஷின் ஓடணும்னு எங்க கடைய மூடுறீங்களா அம்மா? நானும்தான் ஆர்ப்பாட்டத்துல உங்க பக்கத்துல நின்னேன்."

"ஆமாம்பா. நான்தான் மூடச் சொன்னேன். பாய் மேல கோவப்படாத."

"ஒரு வார்த்தை எங்கள கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்" என்றீர்கள். கடைசிக் கதவை இழுத்து மூடும்வரை வெயிலில் நின்றிருந்தீர்கள். பிறகு அவருக்காக வேலை கேட்டுத் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினீர்கள். "வேணாம்மா, நானே பாத்துக்குறேன்" என்று ஒதுங்கிய சபாபதி, வேறொரு கடையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

தீபாவளித் துணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தையற்கூடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து புதிதாகப் பல பெண்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். போட்டியாளர்கள் இன்னும் நம்மைவிட மலிவாகத்தான் விற்கிறார்கள். அரசு வரியை உயர்த்தி மக்களுக்குச் செலவிடுவது வணிகத்தை வாழ வைக்கிறதா, வாட்டுகிறதா என்று தேநீர் வேளையில் இன்றும் சண்டை வருகிறது. "பஸ் இல்லன்னா நான் இல்ல" என்பார் கனிமொழி. "அந்தாண்ட போயிருந்தா மேல வீதிக் கடை தெறந்திருக்கும்" என்பார் கிடங்கு பார்க்கும் அன்வர். தேநீர் ஆறிவிடும். இம்மடலின் கீழே இருவரும்தாம் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

ஆய்ந்தறிந்து அடியெடுத்து வைக்கும் அம்மையாரே! இந்த மாதம் அதே பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. எல்லைக்கு அப்பால் வேறொரு கொட்டகை வாடகைக்கு வந்திருப்பதாக நவ்ஷாத் சொன்னார். "போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று முதலாளி தங்களிடம் கேட்டார். தாங்கள் சொல்ல மறுத்தீர்கள்.

"போன தடவ நான் சொன்னேன். சபாபதிக்கு வேலை போச்சி. அவன ஒரு வார்த்தை கேக்காம சொன்னேன். இந்தத் தடவ கனிமொழியும் அன்வரும் இந்த ரூம்ல உக்காரட்டும் பாய். அதுக்கு ஒத்துக்கங்க, நான் கெளம்புறேன்."

முதலாளி உடனே தலையசைத்தார். நவ்ஷாத்தான் யோசித்தார். "சரிம்மா. ஆனா நான் வுட்டுக் குடுக்க மாட்டேன்."

"நீ ஏன் வுட்டுக் குடுக்குற? அவங்களும் வுட மாட்டாங்க தம்பி."

இதைவிடப் பெரிய பரிசை எந்த மேலாளரும் தம் பணியாளர்களுக்கு விட்டுச் சென்றதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அது எங்களை நிம்மதியாக இருக்க விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனிமொழி ஒரு வாரமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். என்ன பேசுவது என்று தங்களிடம் கேட்க வந்தவரை, "நான் சொல்லிக் குடுத்தா அப்புறம் நான் பேசுன மாதிரிதான ஆவும்? போயி நீயே யோசி" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். சபாபதிக்கு இவ்விழாவின் அழைப்பிதழை நேரில் கொடுத்தோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்டிப்பிலும் கனிவு காட்டிய கருணையே! கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பேருந்தில் நின்றே தேய்ந்த தங்கள் கால்கள் இனி இளைப்பாறட்டும்! கீரப்பாளையத்து வீட்டில் காலைக் காப்பி ஆறுமுன் குடிக்கும் பேறு தங்களுக்குக் கிட்டட்டும்! நோயணுகா உடலும் கலக்கமில்லா உள்ளமும் பெற்று, மக்களும் பேரப்பிள்ளைகளும் புடைசூழ நீடு வாழ்க! நிறைந்து வாழ்க!

திங்கட்கிழமை காலை முதலாளியின் அறையில் கூட்டம். பழக்கத்தில் பேருந்து ஏறிவிடாதீர்கள் அம்மா. என்ன முடிவு வரும் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் அன்பில் ஒன்றியும், கருத்தில் ஒன்றாமலும் இருக்கும்,
முத்தலிப் ஆயத்த ஆடையகப் பணியாளர்கள்,
கடலூர்.