எங்கள் வீட்டில் மட்டும் வந்த வருத்தம்

மடிக்கணினியை மூடினால் அது தூங்கிவிடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். மூடிய பிறகு அடியில் கைவைத்துப் பாருங்கள்; சூடு ஆறாமல் இருந்தால் உள்ளே ஏதோ ஒன்று இன்னும் விழித்திருக்கிறது.

நீங்கள் கேட்டது பாண்டிருப்புப் பூமணியம்மாவின் மரணத்தைப் பற்றி. அதற்கு நான் இங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் சேர். இடையில் கேள்வி கேட்கலாம். நான் ஆசிரியன், கேள்விகளுக்குப் பழகியவன்.

என் பெயர் றிபாத். சொந்த ஊர் அட்டாளைச்சேனை. கல்முனையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். மனைவி நஸ்லினுடைய ஊர் சாய்ந்தமருது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். நானும் ஒரு சூட்கேசோடு போனேன். நல்ல வீடு, மேல்மாடியும் உண்டு. கதிரை, அலுமாரி, திரைச்சீலை, சுவரின் நிறம் எல்லாம் நான் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தன. மாமி சுபைறா என்னை ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை. பெரிய மீன்துண்டு எனக்குத்தான். விருந்தாளிக்கும் அப்படித்தான் வைப்பார்கள்.

நஸ்லின் கட்டாரில் உள்ள ஒரு கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்தபடியே வேலை செய்தாள். இன்னும் கட்டாத வீடுகளின் உட்புறத்தை, ஆட்கள் குடியிருப்பதுபோல் கணினியில் படமாக்கிக் கொடுக்கும் வேலை. திருட்டு மென்பொருள் கூடாது என்று அவர்கள் சொன்னதால் நான் அவளுடைய மடிக்கணினியில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். அந்த வீட்டில் நான் தெரிவுசெய்த பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த இயங்குதளம்தான்.

வேலை தொடங்கியதும் உண்மையான ஒரு பிழை வந்தது. அந்தப் பிழைக்கு நான் பொறுப்பல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வகை மடிக்கணினிகளில் படம் காட்டும் சிப் இரண்டு இருக்கும். ஒன்று சின்னது, சாதாரண வேலைக்கு. மற்றது பெரியது, நஸ்லின் செய்வதுபோன்ற பாரமான வேலைக்கு. வேலை இல்லாதபோது பெரியது தூங்கவேண்டும், தேவைப்பட்டால் எழும்பவேண்டும். அவளுடையது தூங்கவே இல்லை. சும்மா இருக்கும்போதும் விசிறி இரைந்தது, அடிப்பக்கம் கொதித்தது. கறண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் பற்றறி இறங்கிவிடும்.

நான் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். லினக்ஸின் கருவான கர்னலைப் புதுப்பித்தேன். முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிவைத்ததையெல்லாம் வாசித்தேன். கடைசியில் காரணம் அகப்பட்டது. பெரிய சிப்போடு ஒட்டிக்கொண்டு ஒலிக்கான சின்னப் பகுதி ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சிக்கு வயர் கொடுத்தால்தான் அதற்கு வேலை. நஸ்லின் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஒரு வேலையும் இல்லாத அது விழித்துக்கொண்டிருந்ததால் பெரியதும் தூங்க முடியாமல் கிடந்தது. இரண்டையும் தூங்கவிடச் சொல்லி ஒரு வரி எழுதினேன். விசிறி நின்றது.

நஸ்லின் இரண்டு கையையும் மடிக்கணினியின் மேல் வைத்துப் பார்த்தாள். "குளுந்து போயிரிக்கி மச்சான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்றாள்.

அந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதன்பின் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நஸ்லின் என்னை மேலே கூப்பிடத் தேவை இருக்கவில்லை. பாடசாலை விட்டு வந்து கீழே கதிரையில் இருப்பேன். மேலே அவள் கட்டார்க்காரர்களோடு இங்கிலீஷில் கதைத்துச் சிரிக்கும் சத்தம் கேட்கும். சில கிழமைகள் அப்படிப் போயின.

ஒருநாள் நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். நான் எழுதிய வரி. இல்லாத ஒன்றை அன்று நான் சேர்க்கவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுத்தேன், அவ்வளவுதான். அஸர் நேரம் அவள் தொழுகைப் பாயில் நிற்கும்போது செய்தேன். பிறகு பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுகையின் கடைசிச் சுற்றில், கடைசி ரக்அத்தில், சேர்ந்துகொண்டேன். இந்த வேலைக்காக ஒரு தொழுகையையும் நான் தவறவிட்டதில்லை.

"இஞ்ச வாங்களே மச்சான், திரும்பவும் கொதிக்குது," என்று அவள் கூப்பிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். உடனே சரிசெய்யவில்லை. வைத்தியரும் உடனே மருந்து எழுதுவதில்லை.

அது மாதத்தில் ஓரிரு தடவை நோய்போல வரும் வருத்தமாயிற்று. சுபைறா மாமி ஒரு போத்தலில் ஓதின தண்ணீரோடு மேலே வந்தார்.

"கண்ணூறுதான் மகன். கட்டார்ல வேல செய்றா, கட்டார்ல வேல செய்றா எண்டு ஊரெல்லாம் கதைச்சா பின்ன என்ன நடக்கும்?"

"கதைச்சது ஆரு உம்மா? நீங்கதானே," என்றாள் நஸ்லின்.

"மெஷின்ல மட்டும் ஊத்திராதீங்க மாமி," என்றேன்.

"எனக்கென்ன விசரா? சுத்தித் தெளிக்கிறன்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சந்தோசமாக இருந்தோம் என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு கம்பெனி அவளை நிரந்தரமாக எடுக்க யோசித்தது. பெரிய வீடொன்றின் படங்களைக் குறித்த நாளுக்குள் முழுதாகச் செய்துகொடுக்க வேண்டும். சரிவந்தால் தோஹாவுக்கே போகலாம், கணவனுக்கும் விசா கிடைக்கும். வீட்டில் எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். அங்கேயும் நான் அவளுடைய வீட்டில்தான் இருக்கவேண்டி வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இம்முறை வேறு வரி எழுதினேன். பெரிய சிப் எழும்ப முடியாத தூக்கம் தூங்கும் வரி. சாதாரண வேலைகள் நடக்கும்; பாரமான படத்தைத் தொடங்கியதும் திரை அப்படியே உறைந்துவிடும். செய்ததெல்லாம் போகும். ஒருநாள் போட்டால் மறுநாள் எடுத்துவிடுவேன். ஆகவே அது எப்போது நிற்கும் என்று அவளால் கணிக்க முடியவில்லை. அவள் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கினாள். பிஸ்மி சொல்லித் திறப்பாள். ஒரு விசையை அழுத்துமுன் என் முகத்தைப் பார்ப்பாள்.

"நான்தான் என்னத்தையோ அமத்திர போல. எனக்கு என்ட கையிலயே நம்பிக்க இல்லாமப் போயிட்டு மச்சான்."

"எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றேன். அவளை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. கேட்டுப் பாருங்கள்.

நாள் தவறியது. கம்பெனி இன்னும் ஒரு கிழமை அவகாசம் கொடுத்தது. அப்போதுதான் நஸ்லின், நான் பாடசாலையில் இருந்தபோது, கணினியை மேனுஜாவிடம் கொண்டுபோனாள். முதல்நாள் இரவுதான் நான் அந்த வரியை எடுத்திருந்தேன்.

மேனுஜா பூமணியம்மாவின் மகள். தமிழ் இந்துக்களின் ஊரான பாண்டிருப்பில் வீட்டு முன்னறையில் போனும் கணினியும் திருத்துகிறாள். எங்கள் பெண்கள் கடையில் ஆண்களிடம் போன் கொடுக்கப் பயப்படுவார்கள். உள்ளே முக்காடில்லாத படங்கள் இருக்கும். மேனுஜா பெண்பிள்ளை. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை அவளிடம் போனார்கள். அவள் தமிழ்ப்பிள்ளை என்பதும் ஒரு வசதிதான். படத்தில் இருப்பவள் யாருடைய மகள், யாருடைய மருமகள் என்று அவளுக்குத் தெரியாது.

கணினியைத் திருப்பி எடுக்கப் போகும்போது நானும் கூடப் போனேன். பூமணியம்மா பிளேன்டீ தந்தார். பிஸ்கட் பக்கற்றை உடைக்காமலே தட்டில் வைத்தார், ஹலாலா என்று எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று. "சீனி காணுமா மகன்?" என்று கேட்டார். காணும், போதும் என்றேன். எனக்கும் அவருக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மேனுஜா கணினியை நஸ்லினின் பக்கம் தள்ளினாள். "அக்கா, இதுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாரமான படத்த ஓடவிட்டுப் பாத்தன். மூடித் துறந்து பாத்தன். கறண்டக் கழட்டிப் பாத்தன். குதிர மாதிரி ஓடுது. உங்கட வீட்டுல மட்டுந்தான் இதுக்கு வருத்தம் வருகுது."

"அப்ப எங்கட வீட்டுல ஜின் இரிக்கி எண்டு சொல்றியா?" நஸ்லின் சிரித்தாள்.

"ஜின்னுக்கு பாஸ்வேர்ட் தெரியுமா அக்கா? இதுல கைவைக்கிற ஆக்கள் ஆரு?"

"நானும் இவரும்தான். இவர் இல்லாட்டி..."

அவள் அந்த வசனத்தை முடிக்கவில்லை. சிரிப்பும் பாதியில் நின்றது. மேனுஜா என்னைப் பார்க்கவில்லை. என் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"புது பாஸ்வேர்ட் போடுங்க அக்கா, நான் அங்கால திரும்புறன். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. சேருக்கும்தான்." பிறகு பகிடிபோல, "சேர் குறை நினைக்க மாட்டார்தானே?" என்றாள்.

"இல்லை," என்றேன்.

ஓட்டோவில் வரும்போது நஸ்லின் கணினியை மடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது தோளைச் சற்றுத் திருப்பினாள். அவள் அறியாமல் செய்திருக்கலாம். ஆனால் திருப்பினாள். கணினி நிற்கவில்லை. அந்தக் கிழமை அவள் பெரிய வீட்டை முடித்து அனுப்பினாள்.

அனுப்பிய அடுத்த நாள் படம் வந்தது. உங்களிடமும் ஒரு பிரதி இருக்கும். அவளுடைய தங்கச்சி ஸம்றாவின் கலியாணத்தில் பெண்களுக்குள் எடுத்தது. நஸ்லின் முக்காடில்லாமல், தலையில் பூவோடு. அசிங்கமான படம் இல்லை, தலைமுடிதான் தெரிகிறது. எங்கள் ஊரில் அது போதும். ஒரு குழுவுக்கு அனுப்பினால் காணும். பகல் சாப்பாட்டுக்குள் எல்லா வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது.

அவளுடைய தம்பி சாஜித் போனைக் கையில் பிடித்தபடி வந்தான். பின்னால் அவனுடைய கூட்டாளிகள் வாசலில் நின்றார்கள்.

"மச்சான், இந்தப் படம் எப்பிடி வெளிய போன? இது ராத்தாட கொம்பியூட்டர்ல மட்டும் இருந்த படம்."

நான் ஒரு வசனம்தான் சொன்னேன். "அது கொஞ்ச நாள் பாண்டிருப்பில இருந்தது." அது உண்மை. யாரையும் நான் பெயர் சொல்லவில்லை, சமயம் சொல்லவில்லை. ஊரின் பெயரைச் சொன்னால் இங்கே மற்றதைச் சொல்லத் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவர்கள் மோட்டார் சைக்கிள்களில் போனார்கள். நான் போகவில்லை. பள்ளிக்குப் போனேன். அன்று முதல் ரக்அத்திலேயே சேர்ந்துகொண்டேன்.

அங்கே நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மேசையில் இருந்த கணினிகளையும் போன்களையும் தூக்கி முற்றத்தில் அடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் எங்கள் பெண்களுடையவை. மேனுஜாவை இழுத்தபோது பூமணியம்மா இடையில் வந்தார், படியில் விழுந்தார், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் காலமானார். அவர் விழுந்தது யாருடைய எண்ணத்திலும் இருந்ததில்லை. மேனுஜா திருக்கோவில் ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவள் என்ன சொன்னாலும் இனி எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நான் விரும்பியது அவ்வளவே: ஓரிடத்தில் இறங்கப்போன சந்தேகம் வேறிடத்தில் இறங்கவேண்டும்.

கம்பெனியிடமிருந்து நல்ல பதில் வந்திருந்தது. நஸ்லின் அதற்கு ஒன்றும் எழுதவில்லை. கீழே இறங்குவதில்லை, ஜன்னலைத் திறப்பதில்லை. நான் தேநீர் கொண்டுபோனால் குடிப்பாள். மாமி கொண்டுபோனால் குடிப்பதில்லை. புது பாஸ்வேர்டை அவளே எனக்குச் சொன்னாள், நான் கேட்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன் மச்சான்?" என்றாள்.

அன்றே நான் என் வரிகளைச் சரியாக எழுதிவிட்டேன். இனி அது கொதிக்காது, நிற்காது. ஒவ்வொரு நாளும் அடியில் கைவைத்துப் பார்க்கிறேன். குளிர்ந்துதான் இருக்கிறது. அவள் திறப்பதில்லை.

படத்தை அனுப்பிய போன், பாடசாலையில் ஒரு மாணவனிடமிருந்து நாங்கள் பறித்து அலுமாரியில் வைத்திருந்தது. நீங்கள் பிடித்துவைத்திருக்கும் அந்த மாணவனை விட்டுவிடலாம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் பிள்ளையொருவன் எனக்காக அடிவாங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அதனால்தான் நானாகவே வந்தேன். லினக்ஸ் போடுவதற்கு முன் நஸ்லினின் படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாகப் பிரதியெடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்துதான் எடுத்தேன். அனுப்பியது நான்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லுங்கள், சேர். கண்ட படத்தை நான் அனுப்பவில்லை. நெடுநேரம் பார்த்து, அவள் மிக அழகாக இருந்த படத்தைத்தான் எடுத்தேன்.