புறாக்களுக்கு விட்ட லீவு

ஷீஜா: ...மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. போனியளா, இல்லியா?

எஸ்ரா: எங்கட்டி?

ஷீஜா: எங்கன்னு உங்களுக்குத் தெரியாது?

எஸ்ரா: செருப்பக்கூட கழத்தாம வாசல்ல நின்னு கேக்குத. திருநவேலி போயிட்டு வந்தவ, டாக்டர் என்ன சொன்னாருன்னு மொதல்ல சொல்லுவியா...

ஷீஜா: நீங்க சொல்லுங்க. பொறவு நான் சொல்லுதேன்.

எஸ்ரா: ஸ்கேன் நல்லா இல்லையோ?

ஷீஜா: குருவிகுளத்துக்குப் போனியளா? புறா வளக்குத அர்ஷத் வீட்டுக்கு?

எஸ்ரா: நானா? கட்டில்ல இருந்து பாத்ரூம் போயிட்டு வார வழியில ஒருக்க உக்காந்து எந்திரிக்கேன். குருவிகுளத்துக்கு பஸ் ஏறுவனாக்கும்?

ஷீஜா: பஸ் எதுக்கு? அவன் பைக்க கொண்டாந்தா பின்னால ஏறிக்கிடுவிய. புறான்னா உங்களுக்குக் காலு தன்னால நடக்கும்லா.

எஸ்ரா: காலு நடக்கும்... மூச்சுதான் கூட வர மாட்டேங்கு.

ஷீஜா: சிரிக்காதிய.

எஸ்ரா: சிரிக்கலட்டி. இருமுதேன்.

ஷீஜா: இந்தாங்க, தண்ணி. மெல்ல... மெல்ல. நிமிந்து உக்காருங்க. ஆங்... விடுங்க மூச்ச.

எஸ்ரா: ம்... போதும்.

ஷீஜா: இப்ப சொல்லுங்க. திட்ட மாட்டேன். ஒரே ஒரு நாள், ஒரு புறாவ கையில எடுத்திருந்தாலும் சொல்லிருங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்.

எஸ்ரா: எடுக்கல.

ஷீஜா: கடையில? ஜெராக்ஸ் எடுக்க வந்த பய எவனாவது கூண்டோட வந்து...

எஸ்ரா: கடையத் தொறந்தே எத்தன மாசமாச்சு.

ஷீஜா: மாடிக்கு? பழைய கூண்டு இருந்த எடத்துக்கு?

எஸ்ரா: கூண்ட ஒடச்சு, கழுவி, பினாயில் ஊத்தி, மாடிய ஆஸ்பத்திரி மாதிரி ஆக்குனதே நீதான. மாடிக் கதவு சாவியும் உங் கழுத்துச் செயின்ல தாலியோட தாலியா கெடக்கு. நான் எங்கிட்டுப் போக?

ஷீஜா: அப்ப பைபிள்ல கைய வச்சுச் சொல்லுங்க.

எஸ்ரா: சத்தியம் பண்ணுதது பாவம்னு நீதான சொல்லுவ.

ஷீஜா: இன்னைக்குப் பாவமில்ல.

எஸ்ரா: கொண்டா... இந்தா, வச்சாச்சு. புறாவ நான் தொடல. புறா இருக்க எடத்துக்கும் போகல. போதுமா?

ஷீஜா: போதும்.

எஸ்ரா: பொறவு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? ஷீஜா... எனக்குப் பயமா இருக்கு. சுத்தி வளைக்காத. டாக்டர் என்ன சொன்னாரு?

ஷீஜா: கூடியிருக்காம்.

எஸ்ரா: எது?

ஷீஜா: தழும்பு. போன தடவ நுரையீரலுக்கு அடியில மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப மேலயும் ஏறிருக்காம். படத்தக் காட்டுனாரு. வெள்ள வெள்ளயா... ஒட்டடை பிடிச்ச மாதிரி.

எஸ்ரா: மாத்திர ஒரு வேளகூட தவறாமத் திங்கேனே?

ஷீஜா: அதையுஞ் சொன்னேன். 'மாத்திரை மட்டும் போதாதும்மா. புறாத் தூசி இன்னும் உள்ள போயிட்டே இருக்கு. உங்க வீட்டுக்காரரு உங்கள ஏமாத்துறாரு'ன்னு சொல்லிட்டாரு.

எஸ்ரா: ம்... இப்படியே போனா?

ஷீஜா: அத விடுங்க.

எஸ்ரா: சொல்லுட்டி.

ஷீஜா: நுரையீரலே இறுகிருமாம். இறுகிட்டா பொறவு எந்த மருந்தும் கேக்காதாம். வீட்டுலயே சிலிண்டரு... மூக்குல கொழாயி...

எஸ்ரா: சிவகிரி மகாராஜன் அண்ணாச்சி மாதிரியா?

ஷீஜா: வாய மூடுங்க.

எஸ்ரா: அவரு 'வாங்க'ன்னு ஒரு சொல்லு சொல்லுததுக்கு ரெண்டு தடவ மூச்சு வாங்குவாரு. நாம பாத்துட்டு வரும்போது நீ பஸ்ஸுல எங் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தியே...

ஷீஜா: சொல்லாதியன்னு சொல்லுதேன்லா!

எஸ்ரா: லீவுன்னுதானட்டி சொன்ன? 'புறாவுக்கும் உங்களுக்கும் கொஞ்ச நாள் லீவு. நெஞ்சு தேறட்டும், பொறவு டாக்டர்கிட்டயே கேட்டு ரெண்டு மூணு புறா வச்சுக்கிடுவோம்'னு?

ஷீஜா: சொன்னேன்தான்.

எஸ்ரா: அத நம்பித்தான் படுத்துக் கெடக்கேன். கண்ண முழிச்சா வானத்தத்தான் பாக்கேன். கரிவலம்வந்தநல்லூர்ல புறாவக் கொண்டு போயி தொறந்து விடுவேன். நான் பஸ் ஏறி வீடு வாரதுக்குள்ள அந்தச் சாம்பப் பொட்டப் புறா மதில்ல வந்து நிக்கும், 'ஏன் லேட்டு'ன்னு கேக்குத மாதிரி. நீ படிச்ச ஸ்கூல் ஹெச்.எம். நடைன்னு சொல்லி நீதான அதுக்கு ஹெச்.எம்.னு பேரு வச்ச.

ஷீஜா: இப்ப எதுக்கு அந்தக் கத?

எஸ்ரா: வேற என்ன கத பேச? கண்ண மூடவே பயமா இருக்கு. தூக்கத்துல நெஞ்சு மூச்சு விட மறந்துருமோன்னு...

ஷீஜா: எனக்கும் அதே பயந்தான். நீங்க கண்ணு அசந்ததும் மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாக்கேன்.

எஸ்ரா: தெரியும். வெங்காய வாசன வரும்.

ஷீஜா: போங்க அங்கிட்டு...

எஸ்ரா: ஆமா, நான் கேக்கேன். போகலைன்னு சொல்லிட்டேன், பைபிள்லயும் கைய வச்சுட்டேன். சந்தோசப்படாம ஏன் இப்படி வெலவெலத்துப் போயி உக்காந்திருக்க?

ஷீஜா: சந்தோசப்பட முடியல.

எஸ்ரா: ஏன்?

ஷீஜா: பஸ்ஸுல தேவர்குளம் தாண்டுத வரைக்கும் ஒரே ஜெபந்தான். 'ஆண்டவரே, அவரு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கணும். அவரு எனக்குத் தெரியாம புறாக்கிட்டப் போயிருக்கணும்'னு.

எஸ்ரா: ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எந்தப் பொம்பளையாவது இப்படி ஜெபிப்பாளா?

ஷீஜா: நீங்க போகலைன்னா... அப்ப அது நான்தான்.

எஸ்ரா: எது நீதான்?

ஷீஜா: கெளம்புதப்ப டாக்டர் கூப்பிட்டு ஒண்ணு கேட்டாரு. 'வீட்டுல வேற யாராவது புறாகிட்ட போறாங்களா? அவங்க துணியில தூசி ஒட்டிட்டு வந்தாலே போதும்மா'ன்னாரு. இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மாத்திர வாங்குத எடத்துலயே உக்காந்துட்டேன்.

எஸ்ரா: புறாதான் குருவிகுளத்துல இருக்கே?

ஷீஜா: இல்ல.

எஸ்ரா: இல்லையா?

ஷீஜா: அன்னைக்கு அர்ஷத் நம்ம புறாவ அவன் கூண்டுல அடச்சுப் பைக்குல கட்டிட்டுக் கெளம்புனான்லா. நீங்க ஜன்னக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதிய. உங்க அம்மா எறந்தப்பக்கூட உங்க கண்ணுல நான் தண்ணியப் பாக்கல. எனக்குத் தாங்கல. தெருமுக்குல ஓடிப்போயி அவன மறிச்சு, ஷிபாக்கா வீட்டு மாடியில எறக்கச் சொல்லிட்டேன்.

எஸ்ரா: ஷிபாக்கா வீடா? அங்கதான நீ தெனம் சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குப் போற?

ஷீஜா: ஜெபம் கீழ நடக்கும். நான் மேல இருப்பேன். கம்பு போடுவேன், தண்ணி மாத்துவேன், கூண்டச் சொரண்டுவேன். கீழ எல்லாரும் உங்க பேரச் சொல்லி அழுது ஜெபிக்கது கேக்கும். நான் எச்சத்த அள்ளிக்கிட்டே ஆமென் சொல்லுவேன்.

எஸ்ரா: பறக்க விடுதியா?

ஷீஜா: எப்படி விட? கதவத் தொறந்தா நேரா நம்ம மாடிக்குத்தான வரும். அடைச்சேதான் போட்டிருக்கேன்.

எஸ்ரா: ஹெச்.எம். எப்படி இருக்கு?

ஷீஜா: முட்ட வச்சிருக்கு... ஐயோ, இப்ப அதுவா முக்கியம்? லீவு முடிஞ்சு நீங்க எந்திரிக்கும்போது ஒண்ணுகூட கொறையாம உங்க முன்னால கொண்டாந்து நிறுத்தணும்னு நெனச்சேன். அந்த ஆசதான் கெடுத்துட்டு. கைய மட்டும் சோப்பு போட்டுக் கழுவுனேன். தல, சேல, முந்தானை எல்லாம் தூசி. மூள கெட்டவளுக்கு அது தோணல.

எஸ்ரா: உனக்கெப்படித் தெரியும்...

ஷீஜா: நீங்க வேற, நான் வாசல மிதிச்சதுமே கூப்பிடுவிய. மடியில தலைய வச்சு, முந்தானைய இழுத்து மூஞ்சில போட்டுக்கிடுவிய. கல்யாணமான புதுசுலகூட இப்படி இருந்ததில்ல. சீக்கு வந்த பொறவாவது இந்த மனுசனுக்கு எம்மேல பிரியம் வந்துச்சேன்னு பூரிச்சுப் போயி கெடந்தேன். சேல மாத்தக்கூட எந்திரிக்காம அப்படியே இருப்பேன்.

எஸ்ரா: அழாத.

ஷீஜா: ஜெபத்துக்குப் போறேன்னு பொய் சொன்னதுக்கு ஆண்டவர் என்னைய அடிக்கட்டும். உங்க நெஞ்சுல எதுக்கு அடிக்காரு? எங் கையாலயே உங்களக் கொஞ்சங் கொஞ்சமா...

எஸ்ரா: நீ இல்லட்டி.

ஷீஜா: பின்ன யாரு?

எஸ்ரா: நான்தான்... நீ ஷிபாக்கா வீட்டுக்குப் போன முத நாளே உஞ் சேலையில ஹெச்.எம். வாசன வந்துட்டு. தெரிஞ்சேதான் கூப்பிட்டேன், ஷீஜா. அத நெஞ்சு நெறைய இழுத்துக்கிடத்தான் தெனமும் உம் மடியில வந்து படுத்தேன்.