படலைத் தாண்டாதீங்க, மதினி

அங்கனயே நில்லுங்க மதினி. படலத் தொறக்காதீங்க. சம்பந்தியம்மாவ வாசல்ல நிறுத்திட்டாளேன்னு ஊரு பேசுனாப் பேசிட்டுப் போகுது. எம்மக, உங்க மருமக பூமயிலு, உள்ள உசுரக் கையில புடிச்சுக்கிட்டுக் கெடக்கா.

என்னது, ராமேஸ்வரத்துத் தீர்த்தமா? அய்யோ சாமி, வேணாம். கொதிக்கவச்சு ஆத்துன தண்ணியத் தவிர ஒரு சொட்டு அவ வாயில படக்கூடாது. பூவும் வேணாம். கோவிச்சுக்கிடாதீங்க, என் இஷ்டமா இது? மதுரை டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாரு. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதே நின்னுபோச்சாம். அவ அய்யா ரத்தத்த எடுத்து ஏத்தித்தான் பொழைக்க வச்சாங்க. இப்பத்தான் திரும்ப ஊற ஆரம்பிச்சிருக்காம். ஆனா ஒடம்புக்கு எதையும் தாங்குற தெம்பு இல்ல. பக்கத்துல ஒருத்தரு தும்முனாப் போதும், ஆள அள்ளிக்கிட்டுப் போயிரும்னுட்டாரு.

அவ கெடக்குற அறையச் சாணி போட்டு மெழுகக்கூட நான் விடல. தட்டக் கொதிதண்ணியில போட்டு எடுக்கணும். வாயெல்லாம் புண்ணு. உப்பு ஒறைப்பு இல்லாம, கஞ்சிய ஆறவச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஊட்டணும். பக்கத்து வீட்டு ராக்கு கண்ணீரும் கம்பலையுமா பாக்க வந்தா, விடல. அன்னையிலேருந்து என்னயக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. போறா, விடுங்க.

இப்ப அழுது என்ன செய்ய? சீக்குக்காரி எங்களுக்கு எதுக்குன்னு வண்டியேத்தி அனுப்புனது நீங்கதான? எம் வயிறு எப்பிடி எரிஞ்சுச்சு தெரியுமா? உங்க மூஞ்சியிலயே முழிக்கக்கூடாதுன்னு இருந்தேன். அவ என்னடான்னா, பாவிமக, அத்தை வருவாங்களாம்மான்னு கேட்டுக்கிட்டே கெடக்கா.

எங்கிட்ட வராதீங்கன்னு சொல்றேன்ல! தள்ளி நில்லுங்க.

ஆமா, உங்களுக்குச் சளி, இருமலு ஒண்ணுமில்லையே? நெசமாத்தான? அவ மேல சத்தியமா? அப்பச் சரி. நான் அந்த வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கிக்கிறேன், நீங்க உள்ள வாங்க. கெணத்தடியில சோப்புப் போட்டு நல்லாக் குளிங்க. கொடியில அவிச்சுத் தொவச்ச சேல கெடக்கு, அதக் கட்டிக்கங்க. அரிசி அடுக்குப்பானையில இருக்கு. நீங்களே கஞ்சி காச்சி, நீங்களே ஊட்டுங்க. அவ அய்யா நேத்துக் காலையிலயே மருந்து வாங்க மதுரைக்குப் போயிட்டாரு, நாளைக்குச் சாயங்கால ரயிலுக்குத்தான் வருவாரு. புள்ள காலையிலேருந்து பட்டினி. பசிக்குதும்மா பசிக்குதும்மான்னு அவ கூப்புடுறது இங்கன வரைக்கும் கேக்குது.

நானா? நான் எப்பிடி மதினி உள்ள போவேன்? நேத்து ராத்திரியிலேருந்து எனக்குக் காச்சலு.