த-வின் தலையிலிருந்த இரண்டு

கமாவை எனக்குப் பிடிக்கும் சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் பிழை பார்ப்பவன் அவன். ஒரு கமா தப்பினாலும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவான். அதனால் அந்தப் பெயர். எல்லோர் முன்னாலும் காட்டுவான், அதுதான் கொஞ்சம் சங்கடம்.

அச்சுக் கையேடுகளை இணையப் பக்கங்களாக மாற்றுவது என் வேலை. சொற்கள் சமர்த்தாக வந்துவிடும், கணக்குதான் படுத்தும். ஓர் எழுத்தின் தலைமேல் சின்னதாக நிற்கும் எண், மாற்றும்போது தொப்பென்று கீழே இறங்கிவிடும். அதைத் தூக்கி நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம்.

நீராவிக் கலன் ஒன்றின் கையேடு வந்தது. நீராவியை நிறுத்திய பிறகு எத்தனை நிமிடம் காத்திருந்து மூடியைத் திறக்கலாம் என்று அதில் ஒரு சூத்திரம். கலனின் சுவர் 'த' அங்குலத் தடிமன் என்றால், த-வின் வர்க்கம் எத்தனையோ அத்தனை நிமிடம். த-வின் தலையில் ஒரு குட்டி இரண்டு. அது இறங்கி 'த2' என்று நின்றது. பார்க்க நன்றாக இல்லை. எண் முன்னால் வருவதுதானே வழக்கம் என்று '2த' ஆக்கினேன். வர்க்கம் இருமடங்காகிவிட்டது. அது கவனக்குறைவு, சத்தியமாக.

கமா சரிபார்த்தான். கையேட்டின் எடுத்துக்காட்டில் தடிமன் இரண்டு அங்குலம். இரண்டின் வர்க்கமும் நான்கு, இருமடங்கும் நான்கு. சரி என்று அனுப்பிவிட்டான். பக்கம் வெளியே போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. ஒரு தடவையாவது அவன் தப்பை யாராவது எல்லோர் முன்னாலும் காட்டட்டுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு ஓர் ஆலையிலிருந்து மெக்கானிக் ஒருவர் போன் செய்தார். வயதான, பொறுமையான குரல். அவர்கள் கலன் ஆறு அங்குலமாம். முன்பெல்லாம் அரைமணிக்கு மேல் காத்திருந்த ஞாபகம், இப்போது பன்னிரண்டு நிமிடம்தான் வருகிறது என்றார்.

"தம்பி, பக்கத்துல ரெண்டு மடங்குன்னுதானே போட்டிருக்கு?"

முப்பத்தாறு என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். எதிர் மேஜையில் கமா யாருடைய தப்பையோ காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆமாங்க. அப்படித்தான் போட்டிருக்கு."

"சந்தோஷம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

அன்றே பன்னிரண்டாவது நிமிடத்தில் மூடியைத் திறந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய மருமகனும் நின்றிருக்கிறான். இரண்டு பேரையும் அடையாளம் காட்ட அவர் மகளைத்தான் கூப்பிட்டார்களாம். நீங்கள் கமாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவன் அழுதுகொண்டே போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

இப்போதெல்லாம் சாப்பிடும்போது போன் அடிக்கிறது, குளிக்கும்போது அடிக்கிறது. அடிக்கவே இல்லை என்கிறாள் என் மனைவி. எடுத்தால் அதே "சந்தோஷம் தம்பி". பயமாக இருக்கிறது சார். அதனால்தான் நானாகவே வந்தேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டது பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று. நான் உள்ளதைத்தான் சொன்னேன்.